ஒரு செயல்முறைக்கு ஒரு மொழி: சி நூலகத்தின் லொக்கேல் செயற்கூறுகளும் இழைப்பாதுகாப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

சி என்னும் கணினி மொழியின் நியம நூலகத்திலே 'லொக்கேல்' என்ற பெயரால் வழங்கும் செயற்கூறுகள் சில உள்ளன. ஒரு நிரல் சொற்களை எந்த மொழியின் அகரவரிசைப்படி ஒழுங்கு செய்ய வேண்டும், மாதத்தின் பெயரை எம்மொழியில் எழுத வேண்டும், தசமத்தைப் புள்ளியாற் குறிப்பதா காற்புள்ளியாற் குறிப்பதா, நாணயத்தின் பெயர் யாது என்பனவற்றை அவை தீர்மானிக்கின்றன. மொழியையும் இடத்தையும் ஒருசேரக் குறிப்பதனால் இவ்வமைவுக்கு இப்பெயர் வந்தது. ஜி.என்.யூ. சி நூலகத்தில் தமிழுக்கென இவ்வகை அமைவுக் கோப்புகள் இரண்டு உள. ஒன்று இந்தியாவுக்குரியது, மற்றையது இலங்கைக்குரியது.

இச்செயற்கூறுகளுள் தலையாயதான 'செட்லொக்கேல்' இழைப்பாதுகாப்பு அற்றது என்பது தொழினுட்ப உலகில் நன்கு அறியப்பட்ட செய்தி. ஒரு நிரலினுள்ளே பல வேலையோட்டங்கள் ஒருங்கே நிகழ முடியும். அவ்வோட்டம் ஒவ்வொன்றையும் இழை என்பர். ஓரிழை தன் தேவைக்காகச் செய்யும் மொழித் தெரிவு ஏனைய இழைகளின் மொழியையும் மாற்றிவிடுகின்றது. கைந்நூல்கள் இதனை ஓர் எச்சரிக்கைக் குறிப்பாக எழுதிவிட்டு அப்பாற் செல்கின்றன. நாம் ஈண்டு எழுப்ப விரும்பும் வினா சற்று வேறானது. இது குறையென்று எவருக்கும் தோன்றாதிருந்த ஒரு காலம் இருந்தது. அக்காலத்தின் வாழ்நிலை யாது? யார் வந்து சேர்ந்ததன் பின் அது குறையாயிற்று?

இலக்கிய மாணவருக்கு இவ்வினாவில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். கரவெட்டியிலே பிறந்து, பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பெற்ற இடத்தை ஆராய்ந்து 1970இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி (1932–2011) நமக்கு விட்டுச்சென்ற முறையியல், ஒரு வடிவத்தை அதனைத் தோற்றுவித்த சமூக உறவுகளோடு இணைத்து நோக்குவதாகும். நாடகமும் நாவலும் மாத்திரமே வடிவங்கள் எனக் கொள்ள வேண்டியதில்லை. செயற்கூறொன்றின் இலக்கணமும் ஒரு வடிவமே. அதனை எழுதியோர் எவரை வாசகராக மனங்கொண்டனர் என்பது அதன் அமைப்பிலேயே பதிந்திருக்கும். நூலகம் என்பது முன்னையோர் உழைப்பின் திரட்சி; மார்க்ஸ் இயந்திரத்தை இறந்த உழைப்பு எனக் கண்டது இதற்கும் பொருந்தும். இறந்தவர்களின் எடுகோள்கள் இன்றைய உழைப்பாளியின் கையைப் பிடித்து நடத்துகின்றன.

கரவெட்டியைக் குறிப்பிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வடமராட்சி தென்மேற்குப் பிரதேச செயலகம் கரவெட்டியிலே உள்ளது. இலங்கையில் ஒரு பிரதேச செயலகத்தின் வாயிலில் நிற்கும் மனிதனுக்கு அரசின் மொழி யாது என்பது ஒருபோதும் ஏட்டுவினாவாக இருந்ததில்லை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கிற்று. அவ்வாண்டிலே பருத்தித்துறைத் தொகுதியிலிருந்து தெரிவான கம்யூனிஸ்ட் உறுப்பினர் பொன்னம்பலம் கந்தையா அச்சட்டமூலத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தவருள் ஒருவர். 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அதன்கீழான ஒழுங்குவிதிகள் வர 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1978 அரசியலமைப்புத் தமிழைத் தேசிய மொழியென ஏற்றது. 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் ஓர் அரசகரும மொழியாக்கிற்று. ஆகவே சட்டத்தின் ஏட்டளவிலேனும், ஒரே அரச இயந்திரம் ஒரே நேரத்தில் ஒருவனுக்குத் தமிழிலும் மற்றொருவனுக்குச் சிங்களத்திலும் விடையிறுக்கக் கடமைப்பட்டது. அந்த இயந்திரம் கணினியாக மாறும்போது அதனடியில் இருக்கும் நூலகத்துக்கு அது இயலுமா என்பதே நம் ஆய்வுப்பொருள்.

சி மொழி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே டெனிஸ் ரிச்சியால் ஆக்கப்பட்டது. அதன் எழுத்துலகம் 1963இல் முதன்முதல் வெளியான ஆஸ்கி நியமத்தின் எல்லைக்குட்பட்டது: 128 இடங்கள், ஆங்கிலத்துக்குப் போதுமானவை. ஓர் எழுத்து பேரெழுத்தா என அறிய ஓர் அட்டவணையைப் பார்த்தாற் போதும். தசமம் என்றாற் புள்ளி. இவை தெரிவுகள் என்பதே அங்கு எவருக்கும் தோன்றவில்லை. தன் வழக்கை இயற்கையென நம்புதல் ஆதிக்கக் கருத்துநிலையின் பொதுப்பண்பு. அதற்காக ஆய்வுகூடத்தினர் மீது வன்மம் கற்பிக்க வேண்டியதில்லை.

மொழிக்கு நியமம் வகுக்க அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் 1983இல் எக்ஸ்3ஜே11 என்னுங் குழுவை அமைத்தது. அதற்குள் சி மொழி அத்திலாந்திக்கைக் கடந்து ஐரோப்பியச் சந்தையை அடைந்துவிட்டது. உம்லவுற் குறியுள்ள எழுத்தை எழுத்தென ஏற்காத நூலகம் ஜெர்மானிய வணிக நிறுவனமொன்றுக்கு உதவாது. சர்வதேசத் தரநிலை நிறுவனத்தின் ஏற்பும் வேண்டியிருந்தமையால் ஐரோப்பியர் குரலுக்குச் செவிசாய்க்காமல் இருக்க இயலவில்லை. நியமத்துக்குக் குழு எழுதிய விளக்கவுரையே நூலகத்திலே அமெரிக்கத்தன்மைகள் ஊறியிருந்தமையை ஒப்புக்கொள்கின்றது. இதன் விளைவாக 1989 நியமத்தில் லொக்கேல் புகுந்தது. வரிசைமுறை, எழுத்துவகை, நாணயம், எண், காலம் என ஐந்து வகைகளும் அனைத்தையும் ஒருங்கே குறிக்கும் ஒன்றும் வகுக்கப்பட்டன.

அந்தத் தீர்வின் வடிவத்தையே நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்களை உடைக்கலாகாது என்பது குழுவின் நிபந்தனை. வரிசைப்படுத்தும் செயற்கூறுக்கும் அச்சிடும் செயற்கூறுக்கும் 'எம்மொழியில்?' என்று புதிதாக ஓர் உள்ளீட்டைச் சேர்த்தால் பழைய நிரல்கள் அனைத்தையும் திருத்த நேரும். எனவே மொழியை எவர் கையிலும் கொடாமல் நடுவிலே ஓரிடத்தில் வைத்தனர். செட்லொக்கேலை ஒருமுறை அழைத்தால் அந்தச் செயல்முறை முழுவதுக்கும் மொழி மாறும். பின்னர் அழைக்கப்படும் செயற்கூறுகள் அந்நடுவிடத்தை மௌனமாகப் பார்த்துக்கொள்ளும். செயல்முறை தொடங்குகையில் மொழி 'சி' என்பதாக இருக்கும். 'சி' என்பது எம்மொழியுமன்று என்று சொல்லப்படினும், உள்ளீட்டில் அது ஆஸ்கி ஆங்கிலமேயாகும். யாருக்கும் உரியதல்லாத மொழி எனத் தன்னை அறிமுகப்படுத்தும் மொழியொன்றை நாம் ஐயத்தோடு அணுகுதல் நன்று.

இவ்வமைப்பின் பின்னால் ஒரு மனிதச் சித்திரம் உண்டு. முனையம் ஒன்றின் முன் அமர்ந்திருக்கும் பயனர் ஒருவர். அவர் நாடு ஒன்று, மொழி ஒன்று. அவர் இயக்கும் நிரல் அவருக்கு மாத்திரமே பணி செய்யும். பாரிஸ் அலுவலகத்தில் பிரெஞ்சு, மியூனிக் அலுவலகத்தில் ஜெர்மன். ஒரு நாடு ஒரு மொழி என்னும் ஐரோப்பியத் தேசிய அரசின் கருத்துநிலை ஒரு செயல்முறை ஒரு மொழி எனச் சுருங்கி நூலகத்துக்குட் குடியேறிற்று எனலாம். எனினும் ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டலாகாது. 1956இன் சட்டம் திட்டமிட்ட அரசியல் வினை. அதற்கு வர்க்க நலன்களும் வாக்குக் கணக்குகளும் இருந்தன. செட்லொக்கேல் எவரையும் ஒதுக்கும் நோக்கோடு எழுதப்படவில்லை. பழைய நிரல்களைக் காக்கும் சிக்கனமே அதன் நேரடிக் காரணம். அடித்தளம் மேற்கட்டுமானத்தில் கண்ணாடிபோற் பிரதிபலிக்கும் என்று கருதும் இயந்திரவாதம் இங்கு நமக்கு உதவாது. நோக்கமின்றியும் ஓர் அமைப்பு ஒதுக்குதலைச் செய்யும் என்பதுதான் இவ்விடத்துக் கவனிப்புக்குரியது.

இனி இழைகளின் வருகை. 1995இல் பொசிக்ஸ் நியமத்தில் இழைகள் சேர்க்கப்பட்டன. தமிழில் இழை என்னும் சொல் அழகாக அமைந்துவிட்டது. ஆனால் நெசவில் இழைகள் ஒன்றையொன்று தாங்குவன, இங்கோ ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு ஒன்றன் காலை மற்றொன்று மிதிப்பன. முதலில் இது பெருங்கணினி வைத்திருந்தோர் விவகாரம். 2005 அளவில் இரட்டை மையச் செயலிகள் சாதாரண மேசைக்கணினிகளுக்கும் வந்த பின், ஒரு செயல்முறைக்குட் பல இழைகள் உண்மையிலேயே ஒரே கணத்தில் ஓடுவது அன்றாடமாயிற்று.

ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். கொழும்பிலுள்ள சேவையகம் ஒன்றில் ஒரே செயல்முறை இரு விண்ணப்பங்களை ஏற்கின்றது. ஒன்று கரவெட்டியிலிருந்து தமிழில், மற்றையது மாத்தறையிலிருந்து சிங்களத்தில். முதலாம் இழை செட்லொக்கேலை அழைத்துத் தமிழைத் தெரிகின்றது. திகதியை எழுதுமுன் இரண்டாம் இழை குறுக்கிட்டுச் சிங்களத்தைத் தெரிகின்றது. முதலாம் இழை இப்போது திகதியை எழுதுகின்றது. கரவெட்டி விண்ணப்பதாரரின் தமிழ்ப் பற்றுச்சீட்டிலே மாதத்தின் பெயர் சிங்களத்தில் அச்சாகும். இது பத்தாயிரம் முறைக்கு ஒரு முறை நிகழலாம். சோதனையில் ஒருபோதும் நிகழாமலும் போகலாம். எவர் பிழை என்று சுட்ட முடியாத பிழை இது. இரு இழைகளும் தம்மளவிற் சரியாகவே நடந்தன.

பூட்டு ஒன்றைப் போட்டால் ஆகாதா என்பது வழமையான வினா. நூலகம் தன்னளவிற் பூட்டு வைத்தேயிருக்கின்றது. செட்லொக்கேலின் உள்வினை பாதியில் உடையாமல் அது காக்கும். ஆயின் தெரிந்த கணத்துக்கும் பயன்படுத்தும் கணத்துக்கும் இடைப்பட்ட வெளியை அந்தப் பூட்டு காவாது. அவ்வெளியையும் சேர்த்து நிரலாளரே பூட்டினால் ஒரு மொழியினர் பணி முடியும் வரை ஏனையோர் யாவரும் வரிசையில் நிற்க வேண்டும். மேலும், நிரலோடு இணைந்த பிறர் நூலகங்களுக்கு அப்பூட்டு இருப்பதே தெரியாது. பழைய மொழியைக் குறித்து வைத்துப் பின்னர் மீட்கலாம் என்பாரும் உளர். செட்லொக்கேல் திருப்பித் தரும் பெயர் நூலகத்தின் நினைவகத்திலேயே உள்ளது; அடுத்த அழைப்பு அதனை மாற்றிவிடலாம். நாணய வழக்கையும் எண் வழக்கையும் தரும் இன்னொரு செயற்கூறு எல்லோருக்கும் பொதுவான ஒரே பெட்டியின் முகவரியையே தருகின்றது. ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கையில் மற்றவர் அதன் உள்ளடக்கத்தை மாற்றலாம். மாதத்தின் பெயர் பிறழ்வதோடு நில்லாமல் நிரல் முழுவதுமே விழுந்துபோவதற்கு இது வழி.

எண்ணில் நிகழ்வது இன்னும் நுண்ணியது. பிரெஞ்சு, ஜெர்மன் வழக்குகளில் தசமத்துக்குக் காற்புள்ளி. அவ்வமைவு நிலவுகையில் 3.14 என்ற கோவையை வாசிக்கும் செயற்கூறு புள்ளியைக் கண்டதும் நின்று 3 என்றே விடை தரும். பிழைச் செய்தி எதுவும் எழாது. கோப்பொன்றை வாசிக்கும் இழைக்கு, பயனரோடு பிரெஞ்சிற் பேசும் மற்றோர் இழை இதனைச் செய்துவிட முடியும். தமிழின் எண்வழக்கு புள்ளியையே கொள்வதால் நாம் இதிலிருந்து தப்பினோம் என எண்ணலாம். பாரிஸிலும் ஜெர்மனியிலும் வாழும் வடமராட்சியார் தொகையை அறிந்தோர் அவ்வாறு எண்ணார்.

அகரவரிசைக்கு வருவோம், நமக்கு நெருக்கமான இடம் இதுவே. யூனிக்கோட் நியமத்திலே தமிழெழுத்துக்கள் இந்திய மொழிகளுக்குப் பொதுவான ஓர் ஒழுங்கில் வைக்கப்பட்டுள்ளன. ந என்பதையடுத்து ன வரும். ர என்பதையடுத்து ற. பின்னர் ல, ள, ழ, வ. நம் நெடுங்கணக்கோ ய ர ல வ ழ ள ற ன என்று முடிவது. எனவே குறியெண் ஒழுங்கில் 'மனம்' முன்னும் 'மயில்' பின்னும் நிற்கும், அகராதியில் நேர்மாறு. புள்ளிக் குறியின் எண் மெய்யெழுத்துக்களின் எண்களிலும் பெரிதாகையால் 'அகம்' முந்தி 'அக்கம்' பிந்தும். தமிழ் அகராதி மரபில் அக்கமே முந்தியது. 'சி' அமைவிலே ஒப்பிடும் செயற்கூறு குறியெண் ஒழுங்கையே பின்பற்றும். தமிழமைவைத் தெரிந்தாற்றான் நெடுங்கணக்கு வழிக்கு வர வாய்ப்புண்டு.

நூற்பட்டியல் ஒன்றை வரிசைப்படுத்தும் நடுவே மொழியமைவு மாறினால் நிகழ்வது யாது? வரிசைப்படுத்தும் முறைகள் யாவும் ஒப்பீடு மாறாதது என்ற நம்பிக்கையில் இயங்குவன. மனம் மயிலுக்குப் பின் என்று ஒருமுறையும் முன் என்று மறுமுறையும் சொல்லப்பட்டால், வரும் பட்டியல் எந்த மொழியின் வரிசையுமாக இராது. பின்னர் அப்பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும்போது, உள்ள நூல் இல்லையென விடை வரும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதை நினைவிற் கொண்ட ஒரு சமூகத்துக்கு, நூல் இருந்தும் பட்டியலில் அகப்படாமை என்பது சிறு விடயமன்று.

தமிழின் எழுத்துக் குறியேற்ற வரலாற்றிலேயே மறைந்த நிலையின் இடர்ப்பாட்டைத் தெளிவாகக் காட்டும் சான்றொன்று உண்டு. யூனிக்கோட் பரவுமுன் புலம்பெயர்ந்தோரும் தமிழகத்தோரும் மின்னஞ்சலுக்கும் இணையத்துக்கும் கையாண்ட குறியேற்றங்களுள் திஸ்கி முதன்மையானது. அது வடிவ ஒழுங்கைப் பேணியது. தட்டச்சுக்காரரும் அச்சுக்கோப்பாளரும் செய்தது போலவே, 'கெ' என்பதற்குக் கொம்பை முதலிலும் ககரத்தைப் பின்னும் வைக்கும். 'கொ' என்றாற் கொம்பு, ககரம், கால் என மூன்று. யூனிக்கோட் ஒலி ஒழுங்கைப் பேணுவது. அங்கே ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னுமாக நிற்கும். எனவே திஸ்கியிலிருந்து யூனிக்கோட்டுக்கு மாற்றும் நிரல், கொம்பைக் கண்டதும் எழுதிவிட முடியாது. அதனைக் கையில் வைத்துக்கொண்டு மெய் வரும் வரை காத்திருக்க வேண்டும். காலும் வருகின்றதா என இன்னும் ஓரெழுத்துக் காத்திருக்க வேண்டும். ஜி.என்.யூ. சி நூலகத்தில் 2002இல் சேர்க்கப்பட்ட திஸ்கி மாற்றி இவ்வாறு காத்திருப்பதே.

கையிலுள்ள கொம்பை எங்கே வைத்திருப்பது? 1989 நியமத்தின் பல்பைட்டு எழுத்து வாசிக்கும் செயற்கூறுகள் இத்தகைய நிலையைத் தமக்குள்ளே மறைத்து வைத்தன. செயல்முறைக்கு ஒரே கை. இரு இழைகள் அதனைப் பகிர்ந்தால் ஒருவரது கொம்பு மற்றவரது மெய்யிற் சென்றேறும். 1995இல் சி நியமத்துக்கு வந்த முதலாந் திருத்தம் நிலையை அழைப்பவரே ஏந்தித் தரும் வகையிற் புதிய செயற்கூறுகளைச் சேர்த்தது. அழைப்பவர் வெறுங்கையோடு வந்தால் பழைய மறைவிடமே மீளப் பயன்படும் என்ற விட்டுக்கொடுப்போடு. நூலகத்தின் குறியேற்ற மாற்றிகளோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்த கைப்பிடியொன்றைத் தருவன. நிலை அக்கைப்பிடியோடு செல்லும். திஸ்கி மாற்றியும் அவ்வகையது. ஆகவே சரியான வடிவம் எதுவென்பது 1995 அளவிலேயே தெரிந்திருந்தது. எழுத்தின் நிலைக்கு அது கிட்டியது, மொழியின் நிலைக்குக் கிட்டவில்லை.

மொழிக்கு அது கிட்டியது 2002இல் வெளியான ஜி.என்.யூ. சி நூலகத்தின் 2.3ஆம் பதிப்பில். மொழியமைவு இப்போது கையிலெடுக்கத்தக்க ஒரு பொருளாயிற்று. ஆக்கவும் படியெடுக்கவும் அழிக்கவும் செயற்கூறுகள் வந்தன. 'யூஸ்லொக்கேல்' என்பது அழைக்கும் இழைக்கு மாத்திரம் மொழியை மாற்றும்; ஏனைய இழைகள் தம் மொழியிலேயே தொடரும். மைக்ரோசொப்ட் 2005ஆம் ஆண்டின் தன் தொகுப்பியில் இழைதோறும் மொழி வைத்துக்கொள்ளும் வேறொரு வழியைத் தந்தது. 2008இன் பொசிக்ஸ் நியமம் ஜி.என்.யூ. வழியை ஏற்றது, எழுத்துவகை அறிதல், ஒப்பிடல், திகதி எழுதல் முதலியவற்றுக்கு மொழியை நேரடியாக உள்ளீடாகக் கொள்ளும் இணைச் செயற்கூறுகளையும் வகுத்தது. 1989இன் குழு தவிர்த்த அதே உள்ளீடு ஏறத்தாழ இருபதாண்டு கழித்து வந்து சேர்ந்தது.

வெற்றி முழுமையானதன்று. எண்ணை வாசிப்பதற்கும் வடிவமைத்து அச்சிடுவதற்கும் அத்தகைய இணைகளைப் பொசிக்ஸ் வகுக்கவில்லை, ஜி.என்.யூ. நூலகமும் பீஎஸ்டி வழிவந்த அமைப்புகளும் தத்தம் நீட்சிகளாகச் சிலவற்றைத் தருகின்றன. மிகுதியாகக் காயப்பட்ட இடத்துக்கு மருந்து எட்டாமை வியப்புக்குரியது. சி மொழியின் நியமமோ இதனைத் தொடவேயில்லை. 2011 நியமம் இழைகளை மொழிக்குட் கொண்டுவந்தபோது, செட்லொக்கேலை அழைப்பது தரவுப்போட்டியை விளைவிக்கலாம் என ஒரு வாசகத்தைச் சேர்த்ததோடு அமைந்தது. 2014இல் வந்த ஜி.என்.யூ. நூலகத்தின் 2.19ஆம் பதிப்பின் கைந்நூல் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் இழைப்பாதுகாப்பின் தரத்தைக் குறித்தது. செட்லொக்கேல் பாதுகாப்பற்றது, மொழியைப் பார்க்கும் ஏனையவை, எவரும் மொழியை மாற்றாத வரை பாதுகாப்பானவை. இழைகள் பிறக்குமுன் தொடக்கத்தில் ஒருமுறை மொழியைத் தெரிந்துவிட்டுப் பின்னர் தொடாதிருத்தலே நடைமுறை மரபாயிற்று. தன் மடிக்கணினியின் முன் இருக்கும் தனிமனிதனுக்கு இது போதும். இரு அரசகரும மொழிகளும் ஆங்கிலமும் ஒருங்கே பேச வேண்டிய சேவையகத்துக்கு, ஒருமுறை தெரிந்துவிட்டுப் பேசாதிரு என்று கூறுவது விடையாகாது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1977இல் பண்பாட்டில் எச்சநிலைக் கூறுகள் பற்றிப் பேசினார். கடந்த காலத்தில் உருவாகி, இன்றைய நடைமுறையிலும் உயிர்ப்போடு செயற்படுவன அவை. செட்லொக்கேல் அவ்வகை எச்சம். அகற்ற எவருக்கும் துணிவில்லை, ஏனெனில் எண்ணற்ற நிரல்கள் அதன்மீது நிற்கின்றன.

நூலகத்தின் மேலெழுந்த மொழிகள் இவ்வெச்சத்தின் சுமையைத் தாங்கின. பிஎச்பி மொழியின் கைந்நூல், மொழியமைவு இழைக்கன்றிச் செயல்முறைக்கே உரியதென்றும், பல்லிழைச் சேவையகத்தில் நிரல் நடுவே மொழி திடீரென மாறக்கூடுமென்றும் எச்சரிக்கின்றது. நாம் மேலே கற்பித்துக்கொண்ட பற்றுச்சீட்டு அவ்வெச்சரிக்கையின் தமிழ் வடிவமே. பேர்ள் மொழி 2018இல் வெளிவந்த 5.28ஆம் பதிப்பிலேதான், பொசிக்ஸின் 2008ஆம் ஆண்டுச் செயற்கூறுகளைப் பயன்படுத்தி, அவை உள்ள அமைப்புகளில் இழைப்பாதுகாப்பான மொழியமைவைத் தந்தது. நியமத்துக்கும் நடைமுறைக்கும் இடையே பத்தாண்டு.

இதற்கிடையே தரையே நகர்ந்துவிட்டது. இன்றைய சேவையகங்கள் பலவற்றில் ஓரிழை ஒரு விண்ணப்பத்தை முடித்துவிட்டு மற்றதைத் தொடுவதில்லை. ஒன்று தரவுக்காகக் காத்திருக்கையில் மற்றொன்றைத் தொடர்கின்றது. சிலவற்றில் ஒரே விண்ணப்பம் ஓரிழையிலே தொடங்கி வேறோர் இழையில் முடிகின்றது. இத்தகைய இடத்தில் யூஸ்லொக்கேல் இழைக்கு மொழியைக் கொடுப்பது, முன்பு செயல்முறைக்குக் கொடுத்ததன் சிறிய பதிப்பேயாகும். கரவெட்டி விண்ணப்பம் காத்திருக்கும் வேளையில் அதே இழையில் மாத்தறை விண்ணப்பம் ஏறி மொழியை மாற்றும். மொழி செயல்முறைக்கும் உரியதன்று, இழைக்கும் உரியதன்று, விண்ணப்பித்த ஆளுக்குரியது. இணைய நெறிமுறையில் ஒவ்வொரு கோரிக்கையோடும் பயனர் விரும்பும் மொழியின் பெயர் சேர்ந்து வர 1990களிலேயே இடம் செய்யப்பட்டுவிட்டது. அப்பெயரை எங்கும் வைத்துவிடாமல், செயற்கூறிலிருந்து செயற்கூறுக்குக் கையோடு கொண்டுசெல்லுதலே பழுதற்ற வழி.

அவ்வழியைத் தேர்ந்தோர் பெரும்பாலும் சி நூலகத்தை விட்டே விலகினர். 1999இல் ஐபிஎம் திறந்த மூலமாக வெளியிட்ட ஐசியூ நூலகமும், 2004 முதல் யூனிக்கோட் அமைப்பு பேணும் மொழித்தரவுக் களஞ்சியமும் அவர்களுக்கு அடிப்படையாயின. அங்கு மொழி ஒரு பொருளாகக் கையிற் கிடைக்கின்றது. நடுவிடம் இருப்பினும் அதனை நம்பியிருக்க வேண்டியதில்லை. தொழினுட்பத்தில் இது முன்னேற்றமே. ஐசியூவும் 2016 முதல் யூனிக்கோட் அமைப்பின் கீழ் வந்தது. அவ்வமைப்பிலே முழு வாக்குரிமை பெற்ற உறுப்பினருட் பெரும்பாலோர் பெருங் கணினி நிறுவனங்கள் என்பதை நாம் மறத்தலாகாது. தமிழின் மாதப்பெயரும் எண்வழக்கும் எவ்வாறிருக்கும் என்ற தீர்மானம், தொண்டர்கள் சேர்ந்து பேணும் பொதுச் சொத்தொன்றிலிருந்து அத்தகைய அவையை நோக்கிப் பெயர்ந்துள்ளது. அக்களஞ்சியம் தரவை எவருக்கும் இலவசமாகத் தருகின்றது, எவரிடமிருந்தும் திருத்தங்களை ஏற்கின்றது என்பதும் உண்மை. நூலகத்தின் பழைய செயற்கூறுகள் பழுதாகவே விடப்பட்டமைக்கு இப்பெயர்ச்சியும் ஒரு காரணம் என்பது எம் கருத்து. வசதியுடையோர் வெளியேறிய பின் ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர்வாரச் சிலரே எஞ்சுவர்.

ஜி.என்.யூ. நூலகத்தின் இரு தமிழ்க் கோப்புகளும் இன்றும் அருகருகே உள்ளன. இந்தியாவுக்குரியதில் நாணயம் ஐஎன்ஆர், இலங்கைக்குரியதில் எல்கேஆர். கரவெட்டியிலே ஒரு கணினியில் இலங்கைத் தமிழை அமைத்து, சூழல் மாறிகளையும் முறையாக இட்டு வைத்திருப்பினும், இயக்கப்படும் சி நிரல் 'சி' அமைவிலேயே கண் விழிக்கின்றது. அந்நிரல் வெற்றுப் பெயரோடு செட்லொக்கேலை ஒருமுறை அழைத்தால், அல்லது அதே வெற்றுப் பெயரால் மொழியமைவுப் பொருளொன்றை ஆக்கித் தன் இழைக்கு இட்டுக்கொண்டால் மாத்திரமே சூழல் மாறிகள் பார்க்கப்படும். தமிழ்க் கோப்பும் அப்போதுதான் திறக்கப்படும்.